படம் எடுத்த ஊரைத் தேடி டெல்டாவுக்கு: முதல்முறை கிளம்புகிறவர்களுக்கு

ஒரு படத்தில் வந்த படித்துறையோ திண்ணை வீடோ ரயில்வே கேட்டோ மனசில் ஒட்டிக்கொண்டுவிட்டது, அதை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். இப்படிக் கிளம்புகிறவர்களுக்குக் காவிரி டெல்டா தோதான இடம். ஊர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. பஸ் உண்டு, ரயில் உண்டு, எந்த ஊரில் இறங்கினாலும் ஒரு கோபுரமும் ஒரு குளமும் உண்டு. ஏமாந்து திரும்புவதும் இங்கே அதே அளவுக்குச் சுலபம். இடத்தைச் சரியாகக் கண்டுபிடித்து, மே மாதத்தில் போய் நின்றால், படத்தில் நுரைத்து ஓடிய ஆற்றில் பையன்கள் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். டெல்டாவில் இடம் பாதி, மாதம் பாதி. இந்தக் கட்டுரையும் அந்தக் கணக்கில்தான் போகிறது.

முதலில் வீட்டில் உட்கார்ந்து செய்யும் வேலை

படத்தை லேப்டாப்பில் போட்டு, வேண்டிய காட்சிகளை நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு இடத்துக்குக் குறைந்தது நான்கு: அகலமான ஷாட் ஒன்று, பின்னணி தெளிவாகத் தெரிவது ஒன்று, கடை போர்டு அல்லது பஸ் வருவது ஒன்று, தரையும் படிக்கட்டும் தெரிவது ஒன்று. ஹீரோ முகம் தெரியும் க்ளோசப் எதற்கும் உதவாது. அவர் தோளுக்குப் பின்னால் மங்கலாகத் தெரியும் மதில்தான் உங்களுக்கு வேண்டியது.

அடுத்தது எழுத்துகள். கடை போர்டில் கடைசி வரியில் ஊர் பெயர் இருக்கும்; படக்குழு அதை மறைக்க மறப்பது சகஜம். வண்டி நம்பரும் துப்புக் கொடுக்கும். டிஎன்-49 தஞ்சாவூர், 50 திருவாரூர், 51 நாகப்பட்டினம், 68 கும்பகோணம், 82 மயிலாடுதுறை, 91 சிதம்பரம். ஹீரோ ஓட்டும் வண்டியின் நம்பரை நம்ப வேண்டாம், அது ஆர்ட் டிபார்ட்மென்ட் மாட்டியதாக இருக்கலாம். ஓரமாக நிறுத்தியிருக்கும் ஊர்க்காரர் டிவிஎஸ் எக்ஸெல்லின் நம்பரைப் பாருங்கள். தெரு முழுக்க 63 தெரிந்தால் நீங்கள் பார்ப்பது டெல்டாவே இல்லை, சிவகங்கைப் பக்கம். கதை தஞ்சாவூரில் நடக்க, வீடு மட்டும் செட்டிநாட்டில் இருக்கும் படங்கள் உண்டு.

புதிதாகத் தேடுகிறவர்கள் தடுக்கி விழும் இடம் பஸ். அரசு பஸ்ஸின் பக்கவாட்டில் "கும்பகோணம்" என்று எழுதியிருந்தால் அது கும்பகோணம் ஊர் என்று அர்த்தமில்லை. அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கும்பகோணம் கோட்டம் திருச்சி, புதுக்கோட்டை, காரைக்குடி வரைக்கும் வண்டி ஓட்டுகிறது. முன்கண்ணாடிக்கு மேலே உள்ள ஊர்ப் பலகையைத்தான் படிக்க வேண்டும்.

பழைய படம் என்றால் மாவட்டப் பெயரிலும் ஏமாறலாம். நாகப்பட்டினம் மாவட்டம் 1991-ல் பிரிந்தது, திருவாரூர் 1997-ல், மயிலாடுதுறை 2020-ல். எழுபதுகளின் படத்தில் ஒரு போர்டில் "தஞ்சாவூர் மாவட்டம்" என்று இருந்தால் அது சீர்காழியாகவும் இருக்கலாம், வேதாரண்யமாகவும் இருக்கலாம். "மாயூரம்" என்று போர்டு தெரிந்தால் அது இன்றைய மயிலாடுதுறை. பெயர் மாறியது 1982-ல்.

எழுத்தே தெரியாத ஃபிரேமுக்கு நம் பழமொழி கைகொடுக்கும். திருவாரூர் தேரழகு, திருவிடைமருதூர் தெருவழகு, மன்னார்குடி மதிலழகு, வேதாரண்யம் விளக்கழகு என்று சொல்வார்கள். இதில் தெருவும் மதிலும் இன்றைக்கும் அடையாளம் காட்டும். குளத்தை வைத்தும் கண்டுபிடிக்கலாம். நடுவில் ஒரு கோயிலோடு கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர் தெரிந்தால் திருவாரூர் கமலாலயத்தையும் மன்னார்குடி ஹரித்திராநதியையும் முதலில் ஒப்பிட்டுப் பாருங்கள். கமலாலயம் ஐந்து வேலி என்பது ஊர்க்கணக்கு, ஏறக்குறைய 33 ஏக்கர். ஹரித்திராநதி 23 ஏக்கர். கரையைச் சுற்றிச் சின்னச் சின்ன மண்டபங்கள் வரிசையாக நின்றால் அது கும்பகோணம் மகாமகக் குளம், மொத்தம் 16 மண்டபம். ஆற்று நடுவே நந்தி மண்டபம் தெரிந்தால் மயிலாடுதுறை துலாக்கட்டம்.

ஒரு சின்ன எச்சரிக்கை. எடிட்டிங்கில் ஃபிரேமை இடவலமாகத் திருப்பிப் போடுவதும் உண்டு. எல்லாம் பொருந்தியும் கோபுரம் மட்டும் தப்பான பக்கத்தில் நின்றால், சட்டைப் பொத்தானும் கைக்கடிகாரமும் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று பாருங்கள்.

கதையில் வரும் ஊர் வேறு, கேமரா நின்ற ஊர் வேறு

2024-ல் வந்த 'மெய்யழகன்' கதை தஞ்சாவூரிலும் நீடாமங்கலத்திலும் நடக்கிறது. அதனால் அதில் வரும் எல்லா வீடும் எல்லாத் தெருவும் நீடாமங்கலத்தில் இருக்கும் என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பக் கூடாது. எந்தப் படத்துக்கும் இதே விதிதான். ஒரு ஊரின் வாசல், இன்னொரு ஊரின் கூடம், மூன்றாவது ஊரின் ஆறு, மூன்றையும் ஒட்டினால் படத்தில் ஒரு வீடு.

இதற்குக் காரணம் வீட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. அக்ரகாரத்து வீடு குறுகலாகவும் நீளமாகவும் இருக்கும்: திண்ணை, ரேழி, முற்றத்தோடு கூடம், அடுக்களை, கடைசியில் கொல்லை. வாசலில் நின்றால் கொல்லை வரைக்கும் ஒரே பார்வையில் தெரியும், ஆனால் பக்கவாட்டில் கேமரா பின்னால் போக இடம் கிடையாது. ஆகவே வெளிப்புறத்தை இங்கே எடுத்துவிட்டு, உள்ளே நடப்பதை அகலமான வேறொரு வீட்டிலோ செட்டிலோ எடுப்பார்கள். "படத்துல வந்த முற்றம் எங்கம்மா?" என்று கேட்டு, அந்த வீட்டில் முற்றமே இல்லாமல் போனால் ஆச்சரியப்பட வேண்டாம்.

படம் வந்த பிறகு எது மாறியிருக்கும் என்பதையும் முன்கூட்டியே யோசித்துவிடுங்கள். விழுப்புரம்–மயிலாடுதுறை மீட்டர்கேஜ் பாதை 2010-ல் அகலப்பாதையானது. பிறகு அந்தப் பாதைக்கு மேலே மின்கம்பியும் வந்துவிட்டது. பழைய படத்தில் வெறும் வானத்துக்குக் கீழே நின்ற ஸ்டேஷனில் இப்போது கம்பமும் கம்பியும் குறுக்கே ஓடும். பட்டுக்கோட்டை, பேராவூரணி, முத்துப்பேட்டை, வேதாரண்யம் பக்கத்துத் தென்னந்தோப்பு என்றால் 2018 நவம்பர் கஜா புயலுக்கு முன்பா பின்பா என்று பாருங்கள். முன்பு எடுத்ததாக இருந்தால் அந்தத் தோப்பு அப்படியே இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். விழுந்த மரங்களுக்குப் பதில் நட்ட கன்றுகள் இப்போதுதான் ஆளாகிக்கொண்டிருக்கின்றன.

எந்த மாதம் போவது

இதைச் சரியாகச் செய்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஆற்றில் தண்ணீர் மேட்டூரைப் பொறுத்தது. வழக்கமான கணக்கு ஜூன் 12-ல் திறப்பு, ஜனவரி 28-ல் மூடல். அணையின் இருப்பைப் பொறுத்துத் தேதி முன்னே பின்னே போகும்: 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள், 2024-ல் ஜூலை 28 ஆகிவிட்டது. திறந்த அன்றே கும்பகோணத்தில் ஆறு ஓடாது. தண்ணீர் கல்லணைக்கு வரவே மூன்று நான்கு நாள் ஆகும். அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து கடைமடைக்கு, அதாவது வாய்க்காலின் கடைசி வயல்களுக்கு, போக இன்னும் பல நாள் பிடிக்கும். அணை திறந்த செய்தியைப் படித்தவுடனே டிக்கெட் போடாமல், ஜூலை கடைசி வரைக்கும் பொறுங்கள்.

பாசனக் காலத்தின் நடுவிலும் ஆறு வற்றியிருக்கலாம். தண்ணீர் போதாதபோது முறை வைத்து விடுவார்கள், சில நாள் காவிரிக்கு, சில நாள் வெண்ணாற்றுக்கு. கிளம்புவதற்கு முந்தின நாள் செய்தித்தாளில் கல்லணை நீர்த்திறப்பைப் பாருங்கள். காவிரிக்கு இத்தனை கன அடி, வெண்ணாற்றுக்கு இத்தனை கன அடி என்று போட்டிருக்கும். உங்கள் ஊர் எந்த ஆற்றில் இருக்கிறது என்று தெரிந்தால்தான் அந்த எண் பயன்படும். திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை காவிரிப் பக்கம். நீடாமங்கலம் வெண்ணாற்றுப் பக்கம். ஊருக்கு அருகே மூணாறு தலைப்பு என்ற இடத்தில் அந்த ஆறு வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிறது. மன்னார்குடிக்குத் தண்ணீர் தருவது அந்தப் பாமணியாறு. கொள்ளிடம் இந்தக் கணக்கிலேயே வராது. அது வெள்ள வடிகால், மேலே வெள்ளம் வந்தால் கரை தொட்டு ஓடும், இல்லாவிட்டால் மணல்வெளி.

வயலின் நிறம் தனிக் கணக்கு. படத்தில் வயல் எப்படி இருந்தது என்பதை வைத்து மாதத்தைத் தேர்ந்தெடுக்கலாம்:

சேறும் நாற்றுக்கட்டும் நடவு நடும் பெண்களும் தெரிந்தால் ஜூன் கடைசி–ஜூலை (குறுவை) அல்லது செப்டம்பர்–அக்டோபர் (சம்பா). இப்போது பல வயல்களில் நடவு இயந்திரம் வந்துவிட்டது. கை நடவைப் பார்க்க வேண்டுமென்றால் ஊருக்குள் விசாரித்துத்தான் போக வேண்டும். கரும்பச்சை, வரப்பு மறைந்து ஒரே கம்பளம் என்றால் நவம்பர், டிசம்பர். பொன்னிறம், தலை சாய்ந்த கதிர் என்றால் பொங்கலை ஒட்டிய மூன்று வாரம். அதற்குப் பிறகு தாள் மட்டும் நிற்கும்; ஊடே உளுந்தும் பச்சைப்பயறும் தரையோடு தரையாகப் பச்சை காட்டும், அறுத்த வயலில் வாத்துக் கூட்டம் மேயும். ஏப்ரல், மே மாதத்தில் வெடித்த மண், பனைமரம், ஆட்டுக்கிடை. வறட்சியைக் காட்டும் படமென்றால் அதற்கு இதுதான் சரியான மாதம்.

அழகுக்கு ஒரே மாதம் சொல்லச் சொன்னால், டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி இரண்டாம் வாரம் வரைக்கும். மழை ஓய்ந்திருக்கும், ஆற்றில் தண்ணீர் இருக்கும், காலையில் பனி இறங்கும். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடு வரைக்கும் வடகிழக்குப் பருவமழை. புயல் சின்னம் என்று அறிவிப்பு வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். வடிகால் நிரம்பினால் உள்ளூர்ச் சாலையும் முழுகும்.

பொன்னிற வயல் மாதத்துக்கு ஒரு இக்கட்டு உண்டு. திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை ஜனவரியை ஒட்டித்தான் வரும், அந்த நாட்களில் தஞ்சாவூர் வரைக்கும் அறை கிடைப்பது கஷ்டம். தை பிறந்தால் முகூர்த்தமும் வந்துவிடும். கும்பகோணத்தில் பெரிய முகூர்த்த நாளில் லாட்ஜ்காரர் போனைக்கூட எடுக்க மாட்டார். காலண்டரில் முகூர்த்த நாளைப் பார்த்துவிட்டுத் தேதி குறியுங்கள். 2028-ல் மகாமகம் வருகிறது. அந்த மாசி மாதத்தில் படம் எடுத்த இடம் தேடிக் கும்பகோணம் போக நினைப்பது வேண்டாத வேலை.

போய்ச் சேர்வதும் தங்குவதும்

சென்னையிலிருந்து இரவு ரயில்தான் லாபம். தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் உழவன் எக்ஸ்பிரஸ், நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் மன்னை எக்ஸ்பிரஸ். விடியும் நேரத்தில் இறங்கினால் நல்ல வெளிச்சம் முழுசாகக் கையில் இருக்கும். பகலில் வயல் பார்த்துக்கொண்டே வர வேண்டும் என்றால் சோழன். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது, பொங்கல் வாரத்துக்கு அன்று காலையிலேயே உட்கார்ந்துவிட வேண்டும்.

தங்குவதற்குச் சின்ன ஊரைத் தேடாதீர்கள். கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறை, சிதம்பரம் இந்த நான்கில் ஒன்றில் தங்கி, காலையில் போய் மாலையில் திரும்புங்கள். தஞ்சாவூரும் கும்பகோணமும் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். திருவையாறு தஞ்சாவூரிலிருந்து 13 கிலோமீட்டருக்குள்.

ஊருக்குள் சுற்ற டவுன் பஸ்ஸும் மினி பஸ்ஸும் போதும். சாதாரண கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு இலவசம். மூன்று நான்கு இடங்களை ஒரே நாளில் பார்க்க வேண்டுமானால் அரை நாளுக்கு ஆட்டோ பேசுங்கள். "போகவர எவ்வளவு" என்று கேட்டால் காத்திருப்புக்குத் தகராறு வரும். "எட்டு மணியிலேர்ந்து ஒரு மணி வரைக்கும், நாலு இடம், வெயிட்டிங்கோட சேர்த்து எவ்வளவுண்ணே?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

தஞ்சாவூர்–திருவாரூர் சாலையில் போகிறவர்கள் நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்காகக் கையில் அரை மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். மன்னார்குடிப் பாதையும் அங்கே பிரிவதால் எஞ்சின் மாற்றுவதற்கும் சரக்கு ரயிலுக்கும் கேட் மூடிக்கொண்டே இருக்கும். ரயில்வே கேட் காட்சி பிடித்தவர்களுக்கு அது கொண்டாட்டம், மற்றவர்களுக்கு வயிற்றெரிச்சல்.

பைக்கில் ஆற்றங்கரைச் சாலையில் போவது சுகம்தான். அறுவடைக் காலத்தில் மட்டும் கவனம்: சாலையில் பாதிக்கு நெல் காயும். நெல்லின் மேல் வண்டி வழுக்கும், நெல்லும் வீணாகும். ஓரமாக இறங்கித் தள்ளிக்கொண்டு போனால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

ஊருக்குள் விசாரிப்பது

டீக்கடையில் படத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது, ஷூட்டிங் நடக்கும்போது படத்துக்குப் பெயரே வைத்திருக்க மாட்டார்கள். நடிகரின் பெயரைச் சொல்லி, ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டுங்கள். அதைவிட நல்ல கேள்வி ஒன்று உண்டு: "ஷூட்டிங் அப்போ கேரவன் எங்க நின்னுச்சு?" நாலைந்து கேரவன், ஜெனரேட்டர் வண்டி, சமையல் வண்டி எல்லாம் நிற்க ஒரு ரைஸ்மில் களமோ பள்ளி மைதானமோ கல்யாண மண்டபமோ வேண்டும். ஒரு மாதம் ஊரை அடைத்துக்கொண்டு நின்ற வண்டிகளை யாரும் மறக்க மாட்டார்கள். அந்த இடம் தெரிந்தால், நடிகர்கள் அங்கிருந்து நடந்து வந்த தூரத்தில்தான் உங்கள் தெரு இருக்கும்.

வீட்டு வாசலுக்குப் போகிற நேரம் காலை ஒன்பதிலிருந்து பதினொன்று, அல்லது மாலை நாலரைக்கு மேல். மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை எந்த வீட்டு வாசலிலும் நிற்காதீர்கள், சாப்பாடும் தூக்கமும் நடக்கும். தெருவில் துக்கப் பந்தல் இருந்தால் அன்றைக்கு அந்தத் தெருவே வேண்டாம்.

செருப்பை வாசலுக்கு வெளியே விட்டுவிட்டு, திண்ணையில் தானாக ஏறி உட்காராமல், தெருவில் நின்று கூப்பிடுங்கள்.

"அம்மா, வணக்கம்மா. நாங்க சென்னையிலேர்ந்து வர்றோம். இந்தத் திண்ணைய படத்துல பாத்தோம். வெளியில நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கலாங்களாம்மா?"

"எந்தப் படம் தம்பி? ஓ, அதுவா. அது எதுத்த வீடு. எங்க வீட்டுத் திண்ணையில லைட்டுதான் வச்சிருந்தாங்க. ஒக்காருங்க, தண்ணி குடிக்கிறீங்களா?"

தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். உள்ளே வரச் சொன்னால் போகலாம், நீங்களாகக் கேட்க வேண்டாம். பணம் நீட்டாதீர்கள். அது அவமானமாகப் போகும், அடுத்து வருகிறவர்களுக்கு வாசல் கதவையும் சாத்திவிடும். ஒரு சீப்பு வாழைப்பழம், கொஞ்சம் பூ கொண்டுபோனால் சரி. வீட்டுப் படத்தை இணையத்தில் போடும்போது கதவு எண்ணையும் மேப் புள்ளியையும் சேர்க்காதீர்கள். தெருப் பெயரே அதிகம். ஒரு படம் ஓடிவிட்டால் ஞாயிற்றுக்கிழமைதோறும் வாசலில் ஆள் நிற்கும், அந்தத் தொந்தரவை அனுபவிக்கப்போவது அந்த வீட்டு மனிதர்கள்.

படித்துறையில் இன்னும் ஒரு படி கவனம். காலையில் அங்கே பெண்கள் குளிப்பார்கள், திதி கொடுப்பவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். கேமராவை எடுப்பதற்கு முன்னால் ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

அதே ஃபிரேமைப் பிடிப்பது

இடத்தில் போய் நின்று போன் கேமராவைத் திறந்தவுடன் எல்லாருக்கும் வரும் சந்தேகம்: படத்தில் தெருக்கோடியில் அவ்வளவு பிரம்மாண்டமாக நின்ற கோபுரம் நேரில் ஏன் இத்தூண்டாக இருக்கிறது? போனின் முக்கிய லென்ஸ் அகலமானது, 24, 26 மில்லிமீட்டர் கணக்கு. படத்தில் அந்த ஷாட்டைத் தூரத்தில் நின்று 85-லோ அதற்கு மேலான லென்ஸிலோ எடுத்திருப்பார்கள். தூரத்தில் நின்றால் ஆளுக்கும் கோபுரத்துக்கும் உள்ள அளவு வித்தியாசம் குறையும், கோபுரம் முன்னால் வந்து நிற்கும். ஆகவே பின்னால் போங்கள், 40, 50 அடி கூடப் போங்கள், பிறகு மூன்று மடங்கு ஜூம் வையுங்கள். முன்னால் போய் ஆகாயத்தைப் பார்த்து எடுத்தால் ஒருநாளும் அந்த ஃபிரேம் வராது.

நிற்கும் இடத்தை அங்குலக் கணக்கில் கண்டுபிடிக்க ஒரு வழி. ஸ்கிரீன்ஷாட்டில் கிட்டே உள்ள பொருள் ஒன்று, தூரத்தில் உள்ள பொருள் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு, திண்ணைத் தூணும் கோபுரக் கலசமும். படத்தில் கலசம் தூணுக்கு வலப்பக்கம் ஒரு சாண் தள்ளித் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். நேரில் இடவலமாக நகர்ந்து அந்த ஒரு சாண் வரும் வரைக்கும் போங்கள். வலப்பக்கம் நகர்ந்தால் தூரத்துப் பொருளும் கிட்டப் பொருளைத் தாண்டி வலப்பக்கம் போகும். அது சரியான பிறகு முன்னும் பின்னும் நடந்து, தூணின் உயரத்துக்கும் கோபுரத்தின் உயரத்துக்கும் உள்ள விகிதத்தைப் பொருத்துங்கள். கடைசியாகக் கேமராவின் உயரம். தரை அதிகம் தெரிந்தால் மேலே இருந்து எடுத்தது. திண்ணையின் அடிப்பாகம் கண்மட்டத்தில் தெரிந்தால் கேமரா முழங்கால் உயரத்தில் இருந்தது, உட்கார்ந்து எடுங்கள். கிரேனில் எடுத்த ஷாட்டாக இருந்தால் விட்டுவிடுங்கள், யார் வீட்டு மாடியும் ஏற வேண்டாம்.

வெளிச்சத்துக்கு ஆற்றின் திசையே காலண்டர். காவிரி மேற்கிலிருந்து கிழக்கே ஓடுவதால், பாலத்தில் நின்று கிழக்கே பார்த்தால் காலையில் சூரியன் தண்ணீருக்கு மேலே எழும், மேற்கே பார்த்தால் மாலையில் தண்ணீருக்குள் இறங்கும். திருவையாறு ஆற்றின் வடகரையில் இருக்கிறது. புஷ்ய மண்டபப் படித்துறை தெற்கே பார்த்திருப்பதால் மார்கழி, தை மாதங்களில் பகல் முழுக்கப் படிகளில் வெயில் விழும். கும்பகோணத்துப் பகவத் படித்துறை தென்கரையில் வடக்கே பார்த்தது. அதே மாதங்களில் அங்கே படியில் உட்காருபவர் முகம் நிழலில் இருக்கும், எதிர்க்கரை பளிச்சென்று தெரியும். ஸ்கிரீன்ஷாட்டில் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தால் காலையா மாலையா என்று தெரிந்துவிடும்.

கோயில்கள் பெரும்பாலும் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குச் சாத்தி நாலுக்கு மேல் திறப்பார்கள். கோயில்களுக்குள் செல்போன் கூடாது என்று 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கடைப்பிடிப்பது கோயிலுக்குக் கோயில் மாறும், வாசலில் கேட்டுவிட்டுப் போங்கள். தொல்லியல் துறையின் கீழ் உள்ள தஞ்சைப் பெரிய கோயிலிலும் தாராசுரத்திலும் ட்ரைபாட் வைக்க அனுமதி வேண்டும்.

செய்யக் கூடாதவை, காரணத்தோடு

ஆற்றில் இறங்குவது. முழங்கால் ஆழம் என்று தெரியும் இடத்தில் மணல் அள்ளிய பள்ளம் இரண்டு ஆள் ஆழத்துக்கு இருக்கலாம், மேலே இருந்து பார்த்தால் தண்ணீர் ஒரே நிறம்தான். தண்ணீர் திறப்பு கூடினால் ஒரு மணி நேரத்தில் படிகள் மறையும். படித்துறையில் கடைசி இரண்டு படி பாசி, செருப்போடு கால் வைத்தால் வழுக்கும். படத்தில் ஹீரோ குதித்த இடத்தில் படக்குழு முன்கூட்டியே ஆழம் பார்த்திருக்கும்.

தண்டவாளத்தில் நின்று எடுப்பது. ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவில் அத்துமீறலுக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம். மின்சார எஞ்சின் வருவது பழைய டீசல் போலத் தொலைவிலேயே கேட்காது. பிளாட்பார டிக்கெட் எடுத்துக்கொண்டு நடைமேடையிலிருந்து எடுங்கள்.

ட்ரோன். தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது, கோயில்களுக்கு மேலேயும் அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது. வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

பிச்சாவரம் தனிக் கதை

எம்.ஜி.ஆரின் 'இதயக்கனி' (1975) எடுத்த பிச்சாவரம் டெல்டாவின் வடக்கு ஓரம், சிதம்பரத்திலிருந்து ஏறக்குறைய 15 கிலோமீட்டர். இங்கே மாதத்தை விட மணிதான் முக்கியம். காலையில் முதல் படகுக்குப் போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் வெயிலும் கூட்டமும் சேர்ந்து வரும். துடுப்புப் படகைக் கேட்டு வாங்குங்கள். மரங்கள் தலைக்கு மேல் கூடாரம் போட்ட குறுகலான ஓடைகளுக்குள் அதுதான் நுழையும், மோட்டார் படகு அகலமான வழியிலேயே சுற்றும். வற்றம், அதாவது கடல்நீர் இறங்குவது, அதிகமான நேரத்தில் சின்ன ஓடைக்குள் படகு தரை தட்டும். ஏறுவதற்கு முன் படகுக்காரரிடம், "அண்ணே, இப்ப ஏத்தமா வத்தமா?" என்று கேளுங்கள், பிறகு ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டுங்கள். வழியில் கிளைகளைப் பிடித்து இழுக்காதீர்கள். சுரபுன்னையோடு தில்லை மரமும் கலந்து நிற்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் எரிந்து கொட்டும். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த அதே மரம்.

ஒரு நாளை ஓட்டுவது

கும்பகோணத்தில் தங்கியிருந்தால்: ஐந்தே முக்காலுக்கு டிகிரி காபி, ஆறேகாலுக்குப் படித்துறை, எட்டரைக்கு டிபன். ஞாயிற்றுக்கிழமை என்றால் இட்லிக்குக் கடப்பா இருக்கிறதா என்று கேளுங்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்டது, எல்லா நாளும் போட மாட்டார்கள். ஒன்பதரைக்குமேல் தெருக்களும் வீடுகளும். வெயில் ஏறிய பிறகு பன்னிரண்டுக்குச் சாப்பாடு, மூன்றரை வரை அறையில் கிடப்பது. நாலு மணிக்கு அடுத்த ஊர். திருவையாறு பக்கம் போகிறவர்கள் அசோகா வாங்காமல் திரும்ப வேண்டாம். சூடாகக் கிடைக்கும்போது அங்கேயே நின்று சாப்பிடுவதுதான் சரி, பார்சல் ஊர் வந்து சேர்வதற்குள் நெய் உறைந்துவிடும்.

ஒரு நாளுக்கு இரண்டு ஊர், ஐந்து ஃபிரேம். அதற்கு மேல் வைத்தால் எல்லாமே ஓட்டமாகிவிடும்.

சின்ன ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கண்டக்டரிடம் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிடுங்கள், எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்றும் கேளுங்கள். போகும் பஸ்ஸும் வரும் பஸ்ஸும் ஒரே வேப்பமரத்தடியில் நிற்கும் என்று நினைத்துவிடக் கூடாது. சில ஊர்களில் திரும்பும் வண்டி பாலத்துக்கு அந்தப் பக்கமே திரும்பிப் போய்விடும்.